திரேசம்மாவின் கேத்தில்

கனகராயன் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஹோட்டலை முதியோர் பராமரிப்பு இல்லமாக மாற்றியபோது, ஆஸ்பத்திரி வேலையில் ஓய்வுபெற்றிருந்த என்னைத் தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றனாக எடுத்தார்கள். முதல் நாளே எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. ஹோட்டல் மனேஜரையும் கட்டடத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இங்கே இருக்கிற எல்லோருமே 'கெஸ்ட்'. முழங்காலுக்குத் தைலம் கேட்ட ஐயாவிடம், "ஆத்துப் பக்க வியூ பிடிச்சிருக்கோ சேர்?" என்று கேட்கிறார். எனக்கு வந்த விசர்!

இல்லத்தில் இருந்த திரேசம்மா முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். பிள்ளைகள் வெளிநாட்டில். அவரைப் பார்க்க வருவது தங்கை பிலோமினா மட்டும்தான். இரண்டு பஸ் மாறி வருவார். கொஞ்ச நாளில் திரேசம்மா, தங்கை வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். "நித்திரை எண்டு சொல்லு பிள்ளை" என்பார்.

ஒருநாள் பிலோமினா வாசலில் நின்று அழுதார். "அக்காவுக்கு என்னோட என்ன கோவமோ தெரியேல்லை மிஸி. நான் இனி வரேல்லை."

நேரே போய்த் திரேசம்மாவை ஏசினேன். "இருக்கிறது ஒரு சகோதரம். அதையும் கலைக்கிறியளோ?"

"அவள் உவ்வளவு தூரம் வாறாள். ஒரு தேத்தண்ணி குடுக்காமல் அனுப்புறதே? எந்த முகத்தோட அவளைப் பாக்கிறது?"

"குசினியில சொன்னால் கொண்டு வருவினமே!"

"அது கடைத் தேத்தண்ணி. என்ர தங்கச்சிக்கு என்ர கையால குடுக்க வேண்டாமே?"

மனேஜரிடம் போனேன். "கெஸ்ட் தேத்தண்ணி போடுறதோ மிஸ்? ஹோட்டல் மரியாதை என்ன ஆகிறது? அவாவுக்குக் கையும் நடுங்குது, சுடுதண்ணி கொட்டினால்?"

இரண்டாவது கேள்வி நியாயம். முதலாவதுக்குத்தான் வாய்விட்டேன். "தம்பி, ஹோட்டல் செத்துப்போச்சு. நீர் இன்னும் பிரேதத்துக்குக் காவல் இருக்கிறீர்."

பிளாஸ்கில் சுடுதண்ணி தருகிறேன் என்றால் திரேசம்மா விடவில்லை. "ஆறின தண்ணியில சாயம் இறங்குமே?" மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில், பழைய பார் இருந்த மூலையில் ஒரு மேசையும் கேத்திலும் வைத்தேன். கொதிதண்ணி ஊற்றுவது நான், மிச்சமெல்லாம் அவர் என்று பேச்சு.

பிலோமினாவைப் போனில் கெஞ்சிக் கூப்பிட்டேன். வந்தார். திரேசம்மா தேத்தண்ணியைக் கலக்கி, நடுங்குகிற கையால் பாதியைக் கோப்பைக்குக் கீழே இருந்த பீரிசில் சிந்திக்கொண்டு நீட்டினார். பிறகு இரண்டு பேரும் பஸ் நேரம் வரும்வரை ஓயாத கதை.

சத்தம் கேட்டு மனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மா, இது வந்து…"

"நிண்டுகொண்டு கதையாதை தம்பி. இரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். வேறு வழியில்லாமல் இருந்தார். அன்றைக்கு அவர்தான் கெஸ்ட்.

போகும்போது பிலோமினா என் காதுக்குள் சொன்னார். "அக்கா சீனியை அள்ளிக் கொட்டிப்போட்டா மிஸி. எனக்கெல்லோ சீனி வருத்தம்."

"ஐயோ, பிறகேன் ரெண்டு கோப்பை குடிச்சனீங்கள்?"

"அக்கா தந்தவா."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, மருந்து கொடுக்கவும் படுக்கை மாற்றவும் உங்களுக்குப் படிப்பித்துத் தருவார்கள். கட்டிலில் கிடக்கிற மனுசிக்கும் தன் கையால் ஒருவருக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும் என்பதை எவரும் படிப்பிக்க மாட்டார்கள். கேத்திலைக் கொடுங்கள். சீனிப் போத்தலை மட்டும் ஒளித்து வையுங்கள்.