பதினொரு விநாடி தாமதம்

சூடாமணிக்கு முப்பத்தாறு வயது. பாண்டி பஜாரில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் போன் எடுப்பதும் வருகிறவர்களை விசாரிப்பதும் அவள் வேலை. தொண்ணூற்றேழில் சனிக்கிழமை மத்தியானங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஸ்டாப்வாட்ச் பிடிப்பது.

வாரப் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பக்கம் எழுதும் ஸ்ரீரங்கன், எந்த ஹார்ட் டிஸ்க் கோப்புகளை வேகமாக நகலெடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வருவார். எல்லா டிஸ்க்குக்கும் அதே முந்நூறு எம்.பி. கோப்புகள்; ஒவ்வொன்றிலும் மூன்று தடவை. அவர் என்டர் தட்ட, அவள் வாட்சை அழுத்துவாள். கோப்புகள் காப்பி ஆகி முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். மந்தமான டிஸ்க் என்றால் ஐந்து நிமிஷம் கிடைக்கும். அந்த மாதிரி டிஸ்க்குகள் மேல் அவளுக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவர் ரயிலில் தூங்கிப்போய்த் தாம்பரம் வரை போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் காப்பி முடிந்ததை அவள் பார்த்தாள். அவர் சொல்லி முடித்த பிறகுதான் அழுத்தினாள். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு முழுக்க அது மனசை அரித்தது. திங்களன்று பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தக் கடைசி எண் தப்பு. பதினோரு செகண்டாவது லேட்டா அழுத்தியிருப்பேன்."

"ஏன், கவனிக்கலையா?"

"கவனிச்சேன். நீங்க பேசிண்டிருந்தேள்."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு வந்து மறுபடி எடுத்துடலாம்" என்றார்.

வந்தார். அன்று இருவரும் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது கதவருகே நின்றார்.

"அமெரிக்காவுல வேலை கெடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன். அன்னிக்கு அதைச் சொல்லத்தான் பேச்செடுத்தேன். ரயில் கதைக்குப் போயிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். ஸ்டாப்வாட்சை மேஜை இழுப்பறையில் வைத்தாள்.

கட்டுரை வந்தது, திருத்திய எண்ணோடு. அவரும் போனார்.

மறுவருஷத்து டிஸ்க்குகள் அதே கோப்புகளை ஒன்றரை நிமிஷத்தில் முடித்தன. யாரும் கேட்காமலே அவள் தனியாக நேரம் எடுத்து, ஏர்மெயிலில் நியூஜெர்சிக்கு எழுதிப் போட்டாள். நன்றி சொல்லி இரண்டு வரிப் பதில்கள் வந்தன. மூன்றாவது கடிதத்தில் மட்டும், "காப்பி ஆகிறவரைக்கும் இப்போ யாரோட பேசறேள்?" என்று கேட்டிருந்தார்.

"யாரோடவும் இல்லை" என்று எழுதினாள். அடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அந்த வரியை அடிக்காமலே கடிதத்தை எடுத்துக்கொண்டு வெயிலோடு வெயிலாகத் தபாலாபீசுக்கு நடந்தாள்.