நெளிந்த கோடு

தரையில் ஒரு கல்லைப் பதித்ததும் டைல்ஸ் மேஸ்திரி அதன் பக்கத்திலேயே குப்புறப் படுத்துவிடுவார். கன்னம் தரையில் பட, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் கோட்டைப் பார்ப்பார். "நூலு, ரசமட்டம் எல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. நமக்கு ராசிக் கண்ணு ஒண்ணு போதும்" என்பார். தற்பெருமையில் ஆள் கருமி அல்ல. ஆனால் அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும்.

கூட வேலை செய்வது மனைவி. கலவை குழைப்பாள், இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் பூசுவாள், துடைத்துக்கொண்டே அவரைத் திட்டுவாள். கல் வெட்டும் தூசியில் அவர் இருமினால், "மூக்குல துணியைக் கட்டுங்கன்னா காதுல ஏறாதே!" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் கோடு நெளிந்தது. ஒரு வரிசையைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். மறுபடியும் நெளிந்தது. கல்லைத் திட்டினார், கல் செய்தவனைத் திட்டினார். திரும்பவும் உளியை எடுத்தபோது மனைவி நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினாள்.

"நேராத்தான் இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"நூலும் வளைஞ்சுதான் இருக்கு, போ."

அவள் நூலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இழுத்துப் பிடித்த நூல் எங்காவது வளையுமா? சிமெண்ட் படாத புறங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினாள். "இப்பப் பாருங்க." இடது கண்ணுக்குக் கோடு நேராக இருந்தது.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் போனார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, "இருமல் இருக்கா?" என்று கேட்டார்.

"கண்ணைக் காட்ட வந்தா நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்றாங்க. நல்ல கூத்து!" என்று வெளியே வந்து சிரித்தார் மேஸ்திரி.

படத்தில் தெரிந்தது நுரையீரல் புற்றுநோய். அங்கிருந்து ஒரு பொட்டு கண்ணுக்கும் போயிருந்தது. நெஞ்சு மூடி வைத்த சேதியைக் கண் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. பிழைப்போமா என்று அவர் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள். "மருந்து கேக்குதான்னு பார்ப்போம்மா" என்றார்கள் டாக்டர்கள்.

இப்போது மருந்து ஏறும் நாட்களில் மேஸ்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வழக்கம்போலத் திட்டுகிறாள். "கல்லைத் திட்டுனதுக்குப் பதிலா, கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அவருடைய வலது கண்ணுக்கு அவள் முகமும் நெளிந்துதான் தெரிகிறது. அந்தக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.