போலாரத்தில் இல்லாமல் போன கோள்

ஹைதராபாத்தில் நடந்த விண்வெளி மாநாட்டின் கடைசி நாளில் ஒரு கோள் இல்லாமல் போனது. அந்தக் கோளைக் கண்டதாக முன்பு அறிவித்தவர், அதே நகரத்தின் போலாரம் பகுதித் தமிழ்க் குடும்பத்து இளம் ஆய்வாளர். ஒரு நட்சத்திரத்தின் ஒளி சீரான இடைவெளியில் மங்குவதைப் பார்த்து, அதன் முன்னால் கோள் ஒன்று கடந்து போகலாம் என்று எழுதியிருந்தார். கூர்மையான தொலைநோக்கி வைத்திருந்த வேறொரு குழு, மங்கியது அந்த நட்சத்திரமே அல்ல, அதற்குப் பின்னால் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் என்று காட்டியது. அரங்கில் யாரும் அதிரவில்லை. அவரே எழுந்து நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தது. ஆராதனை முடிந்ததும் போலாரம் சர்ச் ஹாலில் அவர் பேசுவதாக ஏற்பாடு. பெண்கள் சங்கச் செயலாளரான அவருடைய தாயார் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்: 'புதிய கிரகம் கண்ட நம் சபை மகள்'. விஞ்ஞானிகள் எழுதும் 'இருக்கலாம்' ஃப்ளெக்ஸில் ஏறுவதில்லை.

நான் பத்திரிகைக்காரன். மாநாட்டுப் பேச்சுகளைப் பொதுமக்களுக்குப் புரியும்படி சுருக்கித் தருவதும் என் வேலை. கோள் இல்லை என்ற செய்தியைப் பேச்சின் கடைசியில், மெதுவாகச் சொல்லலாம் என்று ஆய்வாளரிடம் சொன்னேன்.

"நீங்க பேப்பர்ல திருத்தம் எங்க சார் போடுவீங்க?"

"உள்பக்கத்துல, கீழ."

"நான் முதல் ஸ்லைடுலயே போட்டுர்றேன். அம்மா முகத்தப் பாத்துட்டா அப்புறம் வாய் வராது."

தாயார் பட்டுப்புடவையில் முன்வரிசையில் இருந்தார். மகளின் வேலையைப் பற்றி அவர் இதுவரை கேட்டதெல்லாம் எப்போது ஊருக்கு வருவாய் என்பதுதான் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். முதல் ஸ்லைடில் கோள் இல்லை என்று சொன்னதும் ஒரு சிறுமி, அப்படியானால் அது என்ன என்று இந்தியில் கேட்டாள். பின்வரிசையில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் குரல் கொடுத்தார்:

"அப்ப வாசல்ல இருக்கறத எறக்கிரலாமாம்மா?"

சிரிப்பு எழுந்தது. தாயார் திரும்பிப் பார்த்தார்.

"நக்கோ, வேணாம் அண்ணா. கட்டினது நானு, எறக்கறதும் நானு. நீங்க உக்காருங்க." பிறகு மகளிடம், "கிரகம் இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

ஆய்வாளர் மற்ற குழுவின் வரைபடத்தைத் திரையில் போட்டார். ஒளி விழுந்து எழும் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. தாயார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கே போய்விட்டார்.

"இது ஆழமா இருக்கு. அடுத்தது கொஞ்சம்தான் எறங்குது."

"ஆமாம்மா. ஒரே கிரகம்னா எல்லாம் ஒண்ணு போல எறங்கணும். ரெண்டு நட்சத்திரம்னா, எது எத மறைக்குதோ அதப் பொறுத்து மாறும்."

"இது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"எங்க டெலஸ்கோப்புல மூணு நட்சத்திர வெளிச்சமும் கலந்து, பள்ளமெல்லாம் ஒண்ணு போலத்தான் தெரிஞ்சுது."

"ஹவ், சரிதான்," என்றார் தாயார். வெளியே சமோசா ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் தனக்குப் புரியவில்லை என்றார். ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள் தாயார் திரையில் விரலை வைத்து, பெரிய பள்ளத்திலிருந்து ஆரம்பித்து விளக்கத் தொடங்கினார். மகள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.