பன்றி குத்திய கால்

தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் பின்னால் வரவில்லை. தோளில் ஒரு பை. அதில் இரண்டு கைலி, இரண்டு சட்டை, ஒரு போர்வை, செல்போன் சார்ஜர். இரண்டு வருஷம் இருந்த இடத்திலிருந்து எடுத்துவர அவ்வளவுதான் இருந்தது. பொன்னுருகக் காய்கிற புரட்டாசி வெயில். என் இடது கால் நடக்கும்போது கொஞ்சம் இழுக்கும். ரெட்டியார்சத்திரம் போய்ச் சேர்ந்தால் திண்டுக்கல்லுக்கு பஸ் கிடைக்கும், அதுவரை நடைதான்.

நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடக்க ஆரம்பித்தவன். தோல் பதனிடும் ஷெட், திருப்பூரில் சாயப்பட்டறை, பிரியாணிக் கடை, லாரி கிளீனர் என்று கிடைத்ததையெல்லாம் செய்தேன். சில இடங்களில் போகச் சொன்னார்கள், பல இடங்களில் நானாகக் கிளம்பினேன். ஆனால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டு வேலையை இழந்தது அதுதான் முதல் தடவை. வயிறு காலியாக இருந்தது. இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

நான் வேலை பார்த்தது ஒரு தென்னந்தோப்பில். தோப்பை ஒட்டிக் கொஞ்சம் மக்காச்சோளமும் உண்டு. மோட்டார் போடுவது, தண்ணீர் கட்டுவது, விழுந்த காயைப் பொறுக்குவது, காவல் எல்லாம் என் பொறுப்பு. தோப்புக்காரர் கெட்டவர் இல்லை. நேரத்துக்குச் சோறு வரும். படுக்க மோட்டார் ரூம் இருந்தது. அந்த முகவரியிலேயே எனக்கு வாக்காளர் அட்டையும் எடுத்துக் கொடுத்தார். அவர் சொல்கிற சின்னத்தை நான் அமுக்குவேன் என்ற நம்பிக்கையில்தான் எடுத்துக் கொடுத்தார். எப்படியோ, ஓர் ஊரில் எனக்குப் பெயர் இருந்தது.

அவரிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வந்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். அவர் அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை. சுட்டது அவருடைய மைத்துனர். வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்திருந்தவர், பொழுது மங்குகிற நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் வந்தார். நான் சோளத்துக்குள் குனிந்து சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சோளத்தட்டை அசைந்தது. சுட்டுவிட்டார்.

“அய்யய்யோ, பன்னின்னுல்ல நெனச்சேன்!” என்று அவர் கத்தியது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காரில் போட்டு, உறவுக்காரர் ஒருவரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கெண்டைக்காலில் பாய்ந்திருந்த ஈய ரவைகளில் கைக்கு அகப்பட்டதை எடுத்தார்கள். அகப்படாதது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நான் திரும்பி வருவதற்குள் ஊருக்குள் கதை பரவியிருந்தது: தோப்புக் காவல்காரனைப் பன்றி குத்திவிட்டது. கேட்டவர்களிடம் நானும் தலையை ஆட்டினேன். போக வேறு இடம் இல்லை.

காட்டுப்பன்றித் தொல்லை பொய்யில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாகாது. கரட்டுக் குன்றுப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கும். கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து வரும். ஒரு கதிரைத் தின்ன பத்துத் தட்டையைச் சாய்க்கும். காலையில் பார்த்தால் சோளக்காட்டில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அதற்குமேல் என்ன இருக்கிறது?

அந்த வயிற்றெரிச்சலைத் தோப்புக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சுற்றுவட்டத்தில் பெரிய தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கட்சிக்காரர் ஒருவர் தோப்புக்கு வந்து இளநீர் குடித்துக்கொண்டே சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.

“கிராம சபையில ஏகமனதாத் தீர்மானம் போட்டுக் குடுத்துருங்க. மேல பேசி வாங்கித் தர்றது ஏம்பொறுப்பு. எலெக்‌ஷனப்ப எங்களையும் நீங்க பாத்துக்கணும்.”

பார்த்துக்கொள்வது என்றால் வேன், டிராக்டர், தோப்பு வேலைக்காரர்களின் ஓட்டு. அவருடன் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். வெள்ளைப் பேன்ட், இனிமையான பேச்சு. டீக்கடை டிவியில் அமெரிக்காவைப் பற்றி வரும்போது கேட்டிருக்கிறேன்: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுட்டுவிட்டார்கள் என்பார்கள், துப்பாக்கி விற்கிறவர்கள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதால் சட்டம் வரவில்லை என்பார்கள். அது எங்கேயோ நடக்கிறது என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். எங்கள் ஊருக்கு அது ஷாமியானாவாகவும் உளுந்துவடையாகவும் வந்தது. இரண்டுக்கும் செலவு அந்தக் கடைக்காரருடையது.

தோப்புக்காரர் முதல்நாளே என்னிடம் சொல்லிவிட்டார். “ஏலே, நாளைக்குக் கூட்டத்துல முன்னால வந்து ஒக்காரு. கூப்புட்டா எந்திரிச்சுக் காலக் காட்டு. பேச வேணாம், காட்டுனாப் போதும்.”

கிராம சபைக் கூட்டம் அக்டோபர் இரண்டாம் தேதி. யாருடைய பிறந்தநாள் என்று எல்லாருக்கும் தெரியும். மதுக்கடை சாத்தியிருந்தது. துப்பாக்கிக் குண்டுபட்டுச் செத்த அந்தப் பெரியவரின் படத்துக்கு மாலை போட்டு, அதன் கீழேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்: ஊராட்சித் தலைவர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, கட்சிக்காரர், துப்பாக்கிக் கடைக்காரர்.

எதிரே பாதிக் கூட்டம் பூவெடுக்கிற பெண்கள். எங்கள் தோப்பை ஒட்டி மல்லிகைக் காடுகள் உண்டு. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து, செடிக்குச் செடி குனிந்து மொட்டெடுப்பார்கள். மோட்டார் ரூம் வாசலிலிருந்து தினமும் பார்ப்பேன். ஆள் தெரியாது. செடி அசைவதும் இரண்டொரு வெளிச்சமும்தான் தெரியும்.

கடைக்காரர் பேசி முடித்ததும் தோப்புக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கினேன்.

“பாருங்க சார். ஒழைக்கிற மனுசன். பன்னி பண்ணுன வேலை,” என்றார் கட்சிக்காரர்.

முன்வரிசையில் இருந்த பூக்காரப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “இதென்னாப்பா புள்ளி புள்ளியா இருக்கு? எங்கண்ணனப் பன்னி குத்துச்சு. தையல் போட்ட எடம் தண்டவாளம் மாதிரி நீளமாக் கெடக்கும். இது அம்மை போட்டாப்புலல்ல இருக்கு.”

“ஒருவேளை முள்ளுக்கரண்டி வச்சுக் குத்துச்சோ என்னமோ,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சிரிப்பு பின்வரிசை வரை போனது. தலைவர் மேசையைத் தட்டினார். அதிகாரி சிரிக்கவில்லை. என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “நீங்களே சொல்லுங்க. என்ன நடந்துச்சு?” என்று கேட்டார்.

என்னை யாரும் ‘நீங்க’ என்று கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. தோப்புக்காரர் லேசாகத் தலையை அசைத்தார். ‘பன்னி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் சோறும் மோட்டார் ரூமும் எனக்கு இருக்கும். சுற்றிலும் உள்ள தோப்புகளுக்கெல்லாம் துப்பாக்கி வரும். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் மல்லிகைச் செடி அசையும்.

“பன்னி இல்ல சார்,” என்றேன். “துப்பாக்கி. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி.”

வடை தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“யாரு சுட்டது?”

“அவரு வேணும்னு சுடல சார். பன்னின்னு நெனச்சுச் சுட்டாரு. அவரு மேல எனக்குப் புகார் இல்ல. ஒரு துப்பாக்கி இருக்கும்போதே என்னயப் பன்னின்னு நெனச்சாக. தோப்புக்குத் தோப்பு வந்தா, குனிஞ்சு பூவெடுக்குற இந்த அக்காமாரு என்னாவாக? அதத்தான் கேக்குறேன்.”

கடைசி வரிசை வரை என் குரல் கேட்டது. கைலியை இறக்கிவிட்டு நின்றேன்.

கடைக்காரர் எழுந்தார். “பயப்பட வேண்டாம்மா. வாங்குறவங்களுக்கு முறையா பயிற்சி இருக்கு.”

“பயிற்சி எங்களுக்கா, ஒங்களுக்கா? சுட வரும்போது கையத் தூக்கிட்டு நிக்கணுமா?” என்றாள் முள்ளுக்கரண்டி சொன்னவள். “கையத் தூக்கிட்டா பூவ யாரு எடுக்குறது?”

“நாங்க குனிஞ்சா பன்னியாத்தான் தெரிவோம்,” என்றாள் முதல் பெண். “எங்க வீட்டுக்காரரு பட்டப்பகல்லயே அப்படித்தான் கூப்புடுறாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே, “இந்தத் தீர்மானத்துல எங்களுக்குச் சம்மதம் இல்ல. எழுதிக்கங்க,” என்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகக் கை தூக்கினார்கள். வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏகமனது என்று எழுத முடியாது, ஒத்திவைக்கிறோம் என்று அதிகாரி சொன்னார். கட்சிக்காரர் அதற்கு முன்பே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். ஓட்டுக் கணக்கு தெரிந்தவர். தோப்புக்காரர்களைவிடப் பூக்காரிகள் எத்தனை மடங்கு என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒருவர் சிரிக்கவும் இல்லை, கை தூக்கவும் இல்லை. ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளக்காரர். கூட்டம் கலையும்போது எழுந்து கத்தினார். “எல்லாரும் சிரிச்சுட்டீக. ஏஞ்சோளத்துக்கு யாரு பதில் சொல்றது? துப்பாக்கி வேணாம்னா, இந்தாளு பன்னிகிட்டப் போய்ப் பேசுவானா?”

அவர் கேட்டதில் தப்பில்லை.

தோப்புக்காரர் திட்டவில்லை. தோப்பு வரை என்னோடு நடந்து வந்தார். கேட்டருகே நின்று, “சோறு போட்டேன்ல?” என்றார்.

“போட்டீங்கய்யா.”

“மோட்டார் ரூம் சாவியக் குடுத்துட்டுப் போ.”

கொடுத்தேன். வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் திண்டுக்கல்லில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன். படுத்திருந்தபோது கூட்டத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஊர் ஊராக வேலை பார்த்ததில் என்னிடம் யாரும் எதையும் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. அன்று கேட்டார்கள், நான் சொன்னேன், ஒரு காரியம் நின்றது. பெரிய மனிதர்கள் வேனும் வடையும் கொண்டுவந்து நடத்தப் பார்த்த காரியம். இதைப் பெருமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சோளக்காரர் கேட்ட கேள்வி மட்டும் இடையிடையே வந்து குறுக்கே நின்றது.

காலையில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். முன்பு அங்கே மூட்டை தூக்கியிருக்கிறேன். யாராவது அடையாளம் கண்டு கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு. அடையாளம் கண்டவர் அந்தச் சோளக்காரர். கத்தரிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு, காலி மொபெட்டின் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, நேத்துப் பேசுன ஆளுதான நீ?”

“ஆமாண்ணே.”

“நல்லாத்தான் பேசுன. ஆனாப் பன்னிக்குக் கேக்கல போல. நேத்தும் எறங்கிருச்சு. கெழக்கு மூலை பூராம் போச்சு.”

அவர் மிச்ச டீயைக் கீழே வீசினார்.

“வேல இருக்கா ஒனக்கு?”

“இல்ல.”

“இருக்காதுன்னுதான் ஊரே பேசுது. அப்ப வா. துப்பாக்கிய நிறுத்துனது நீ. வந்து காவல் பாரு. கதிர் முத்துற வரைக்கும் இரு. அம்புட்டுப் பெரிய சம்பளமெல்லாம் என்னால முடியாது. சோறு உண்டு, வெஞ்சனம் என்னா இருக்கோ அது.”

குத்திக்காட்டத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. தூங்காத கண்.

“வீட்ல பழைய சேலை கெடக்கா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“சுத்திக் கட்டணும். காத்துல ஆடுனா ஆளு நிக்கிறதா நெனைக்கும். பழைய எண்ணெய் டின்னு ஒண்ணும் வேணும், தட்டுறதுக்கு.”

“டின்னு இருக்கு. சேலைய எம்பொண்டாட்டிகிட்டக் கேட்டுப் பாப்போம். குடுக்க மாட்டா,” என்று மொபெட்டை உதைத்தார்.

நான் பின்னால் காலி சாக்குகளின் மேல் உட்கார்ந்தேன். வீடு போய்ச் சேர்ந்ததும் அவர் மனைவி கொடுத்தார். முனகிக்கொண்டே, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தார். நான் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கு மூலைக்குப் போனேன். சாய்ந்து கிடந்த தட்டைகளை ஒதுக்கிவிட்டு, முதல் குச்சியை ஊன்றினேன்.