மேல்பிடி மெஷினும் கீழே நின்ற கான்ட்ராக்டரும்

மரம் அறுக்கிற செயின் சா விற்கிற தொழிலில், மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் கவுன்டருக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். நீங்களும் எதையாவது விற்றுப் பிழைப்பவர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் எங்கள் கடையில் இரண்டு வகை உண்டு. பின்பிடி என்பதில் மெஷினுக்குப் பின்னால் ஒரு பிடி, முன்னால் ஒரு பிடி. தரையில் நின்று அறுக்க அதுதான். மேல்பிடி சின்னது, பிடி எஞ்சினுக்கு மேலேயே இருக்கும். இடுப்பில் கயிறு கட்டி, மரத்தில் ஏறி, கிளைகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு அறுப்பவருக்காகச் செய்தது. இரண்டுக்குமே இரண்டு கை வேண்டும். ஆனால் சின்னதைக் கண்டால் எல்லாருக்கும் ஒரு கையால் வீசத் தோன்றும். பிளேடின் நுனி கட்டையில் பட்டால் மெஷின் எகிறி மூஞ்சிக்கு வரும். அதனால் "மரம் ஏறுறது யாரு?" என்று கேட்காமல் நான் மேல்பிடியைக் கொடுப்பதில்லை.

பாய் இல்லையா?

சோழவந்தானிலிருந்து ஒரு தோப்புக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும், "பாய் இல்லையாம்மா?" என்றார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "மெஷினைப் பிரிச்சு மாட்டுறது அவதான்ண்ணே, நான் டீ வாங்கிட்டு வாரவன்" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

விழுந்த தென்னைகளைத் துண்டு போடத்தானாம், யாரும் மரம் ஏறப் போவதில்லையாம். அப்படியானால் பின்பிடிதான் என்றேன். அவர் இரண்டு மெஷினையும் வாசலுக்குத் தூக்கிப்போய், ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சின்னதுதான் பொருந்தியது. "தென்னை அங்கனயேதான் கிடக்கும். மெஷினைத்தான நான் தூக்கிட்டு அலையணும்."

மூன்றாவது கை

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு புதுக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வீடியோக்களாகப் பார்த்துத் தேறி வந்திருந்தார். தெருவில் வேப்பங்கிளைகளைக் கழிக்க வேண்டுமாம். ஏணியில் நின்றபடி ஒரே கையால் முடித்துவிடுவாராம்.

ஏணியில் நின்று செயின் சாவைத் தொடவே கூடாது என்று ஆரம்பித்தேன், காதில் வாங்கவில்லை. சரி, எப்படிப் பிடிப்பீர்கள், காட்டுங்கள் என்று ஓடாத மெஷின் ஒன்றைக் கொடுத்தேன். வலது கையில் மெஷினைத் தூக்கினார். இடது கையில் போன். அந்தக் கையும் மெஷினில் இருக்க வேண்டும் சார் என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். "ரெண்டு கையையும் அதுல வச்சா, குரூப்புக்கு வீடியோ யாரும்மா எடுக்குறது?"

தோள்பட்டை வலி

பாண்டி நிஜமாகவே மரம் ஏறுகிறவர். மரம் வெட்டுகிற வண்டியூர்க் கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை. கான்ட்ராக்டரிடம் இருந்தது பின்பிடி ஒன்றுதான். அதைத்தான் பாண்டி கயிற்றில் கட்டி மேலே இழுத்து அறுப்பார். நீளமான மெஷின் கிளையில் இடிக்கும், ஆளைத் தள்ளும். ஒருமுறை புளியமரத்தில் கால் வழுக்கி இடுப்புக் கயிற்றில் தொங்கியிருக்கிறார். "என்னைக்காவது என் கயித்தையே அறுத்துக்கிருவேன்க்கா" என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கான்ட்ராக்டரைப் பார்க்கும்போதெல்லாம் மேல்பிடி வாங்கச் சொல்லி நச்சரித்தேன். மாதக்கணக்கில் நச்சரித்த பிறகு வாங்கினார்.

அடுத்த வாரம் பாண்டி செயின் தீட்ட வந்தார். கையில் அதே பழைய பின்பிடி. புது மெஷின் லேசாக இருக்கிறதென்று கான்ட்ராக்டர் கீழே தனக்கு வைத்துக்கொண்டாராம். பாண்டி மேலே பெரியதோடு, முதலாளி தரையில் சின்னதோடு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உடனே போன் போட்டு, இது என்ன நியாயம் என்று கேட்டேன். "அவன் எளவட்டம் தங்கச்சி, எம்புட்டு கனம்னாலும் தூக்குவான். எனக்குத்தான் தோள்பட்டை வலி."

ராசி

பத்து நாள் கழித்துக் கான்ட்ராக்டரே வந்தார், தாடையில் கட்டோடு. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்திருக்கிறார். நுனி பட்டு எகிறிவிட்டது. ஆறு தையல். கண் தப்பியதே என்று நிம்மதிப்பட்டேன். நல்லா வேணும் என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தால் பாண்டிக்குப் பழைய கதைதான். ரத்தம் பட்ட மெஷினை நாங்கள் திருப்பி வாங்குவதில்லை என்றேன். அப்படி ஒரு விதி அந்த நிமிஷம்தான் பிறந்தது. அவர் மெஷினை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, கூட வந்து வாசலில் நின்ற பாண்டியைக் கூப்பிட்டார். "இந்தா மாப்ள, ராசி கெட்ட மெஷினு. இனிமே நீயே மேல கொண்டு போ, என் கண்ணுல காட்டாத."

எந்தப் பிடி எந்த வேலைக்கு என்று நான் மாதக்கணக்கில் விளக்கியும் கிடைக்காததை, ஆறு தையலும் ஒரு கெட்ட ராசியும் சேர்ந்து ஒரே நாளில் பாண்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டன.