கண்ணாடிக்காரியும் கயிற்று மாமாவும்

முரசுமோட்டையில் பழனியாண்டியின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கயிற்று மாமாவின் வீடு எது என்று கேட்டால் முன்பள்ளிப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். வாசலில் விட்டுவிட்டு ஓடியும் விடும். மனுசன் அரை நூற்றாண்டு பாடுபட்டுச் சேர்த்த பெயரை ஒரு மாடு தின்றுவிட்டது. நெல்லைத் தின்றது போதாதென்று.

தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்த தாயின் இடுப்பில் வந்தவர் பழனியாண்டி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டார். படிப்பு ஏறவில்லை என்பது அவருடைய கதை. படிப்பு வாசல்வரைக்கும் வந்தது, இவர்தான் படலையைத் திறக்கவில்லை என்பது மனைவி வீரம்மாவின் கதை. கிணறு வெட்டினார், உழவு இயந்திரம் ஓட்டினார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்து காடாய்க் கிடந்த வயலைத் திருத்தினார். இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மட்டும் அவர் தொலைக்கவில்லை, அது வாய்.

மாரி நெல் விதைப்பான போன காலபோகத்துக்குக் கமக்காரர் கூட்டத்தில் அந்த வாய்தான் முன்னுக்கு நின்றது. விதைப்புக்கு முன்னர் எல்லாரும் மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அனுப்பிவிட வேண்டும், அனுப்பாதவனின் மாடு வயலில் அகப்பட்டால் கட்டிப்போட்டு நட்டஈடு வாங்க வேண்டும் என்று மேசையில் அடித்துப் பேசியவர் பழனியாண்டி. அவருடைய மாடுகள் ஏற்கெனவே பூநகரியில் மாடு மேய்த்துக் கொடுக்கிற நவ்பரின் பட்டியில் நின்றன. கன்றாக அனுப்பியதை எல்லாம் அவர் மறந்தே போயிருந்தார். தன் மாடு ஒன்றும் ஊரில் இல்லை என்ற தைரியத்தில் அடித்தார்.

நெல் முழங்கால் உயரம் வந்த நேரம், ஒரு காலை அவருடைய வயலுக்குள்ளேயே ஒரு செவலை நாகு நின்றது. கொம்பு முளைத்த இளம் பசு. இரண்டு கண்ணையும் சுற்றி வெள்ளை வளையம். யாரோ மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டதுபோல அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்ந்தது. பிடித்தார். உடையவன் வந்தால் கண்ணில் படட்டும் என்று தெருக்கரையில், முன்பள்ளிக்கு எதிரே நிற்கிற வேப்பமரத்தில், தேர் இழுக்கிற அளவு கயிற்றால் கட்டினார்.

கட்டியவன்தானே தீனி போட வேண்டும்? காலையும் மாலையும் வைக்கலும் தண்ணீரும் சுமந்தார். சுமக்கச் சுமக்க வாயும் நீண்டது. தெருவால் போகிறவர்கள் எல்லாரையும் மறித்து, ஊர்பேர் தெரியாத அந்த மாட்டுக்காரனைப் பேசினார். அவன் சோறு தின்கிறானா வைக்கல் தின்கிறானா என்று கேட்டார். அவனுக்கு ஒரு கோழி வளர்க்கவும் யோக்கியதை இல்லை என்றார். எதிரே முன்பள்ளி வேலியில் தொங்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்குக் கேட்க இன்னொன்றும் சொன்னார்:

"சொந்த மாட்டைத் தெரியாத குருடன். இந்த மாட்டின்ர கண்ணாடியைக் கழட்டி அவனுக்குப் போட்டுவிட வேணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பழனியாண்டிக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு கிழமையாகியும் யாரும் வரவில்லை. வைக்கல் கொண்டுபோன வீரம்மா மாட்டின் கிழிந்த இடது காதைப் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, பூநகரிக்கு ஒருக்கால் போன் எடுங்கோ என்றாள். எடுத்தார்.

"அந்தச் செவலையா அண்ணன்? அது பட்டியை விட்டுப் போய்க் கனநாள்" என்றார் நவ்பர். "வீட்டு ஞாபகத்தில உங்களிட்ட வந்திருக்கும் எண்டு நினைச்சன். வரேல்லையா?"

வந்தது, வந்தது என்று சொல்லிவிட்டு பழனியாண்டி கதிரையில் இருந்தார். நாய் கடித்துக் கிழித்த அந்தக் காதுக்கு மஞ்சள் அப்பியதே அவர்தான். கன்றாக இருந்தபோது கண்ணைச் சுற்றி இவ்வளவு வெள்ளை இல்லை, அதுதான் அடையாளம் தெரியேல்லை என்றார். வீரம்மா அவர் முன்னால் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்த்தான் சிரித்தாள்.

முன்பள்ளி விட்டதும் மாட்டை அவிழ்த்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பூநகரிக்கே அனுப்பினார். கேட்டவர்களிடம், உடையவன் வந்து காலில் விழாத குறையாகக் கேட்டான், இரங்கிக் கொடுத்துவிட்டேன் என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். முன்பள்ளி ஆசிரியை ஜெயரூபிக்குப் படம் கீறத் தெரிந்திருந்ததுதான் பிழை. பங்குனியில் அவர் எழுதிய புத்தகம் வந்தது. கண்ணாடிக்காரி என்ற செவலைப் பசு எழுத்துப் படிக்க முன்பள்ளிக்கு வருகிறது. மாடு படிப்பது பிடிக்காத கயிற்று மாமா அதைப் பிடித்து மரத்தில் கட்டுகிறார். பிள்ளைகள் இடைவேளைக்கு இடைவேளை முடிச்சைத் தளர்த்தி அவிழ்த்து விடுகிறார்கள். ஒரு நிறுவனம் அச்சடித்து மாவட்டம் முழுக்கக் கொடுத்தது. பூநகரியில்கூடப் பிள்ளைகள் விரலை வளைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கயிற்று மாமாவுக்கு முற்றம் கூட்டுகிற தும்புத்தடிபோல மீசை, சாரத்துக்கு மேலே வழிகிற வயிறு. மீசை தன்னுடையதுதான் என்று பழனியாண்டி ஒத்துக்கொண்டார். வயிறு அநியாயம் என்றார்.

"டீச்சர் குறைச்சுத்தான் கீறியிருக்கிறா" என்றாள் வீரம்மா.

ஊர் சிரித்ததை அவர் தாங்கினார். தாங்க முடியாதது பேத்தி சுரேகாதான். மகள் வேலைக்குப் போவதால் பிள்ளையை முன்பள்ளிக்கு ஏற்றி இறக்குவது தாத்தா. அதற்கென்றே சைக்கிள் பாரில் குட்டி இருக்கை பூட்டியிருந்தார். நாளில் அவருக்கு மரியாதையான வேலை என்று இருந்தது அது ஒன்றுதான். முன்பள்ளியில் புத்தகத்தை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து அவள் அதில் ஏற மாட்டேன் என்றாள். வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடக்க, பின்னால் வெறும் சைக்கிளை உருட்டிக்கொண்டு இவர் போனார். ஒரு கிழமை போனதும் வீரம்மாவுக்குக் கால் நொந்தது, அவருக்கு வேறெங்கோ நொந்தது.

இரண்டாம் பதிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரு காலை நேரே முன்பள்ளிக்குள் போனார். இருக்கச் சொல்லி ஜெயரூபி காட்டியது பிள்ளைகளின் கதிரை. முழங்கால் நாடியில் முட்ட இருந்துகொண்டு, அந்த மனுசனின் மீசையை எடுத்துவிடுங்கோ என்று கேட்டார்.

"மீசை என்னத்துக்கு ஐயா, ஆளையே நல்லவராக்கிறன்" என்றார் ஜெயரூபி. "மாட்டுக்காரன் வந்து கேக்க இரங்கிக் குடுத்தனீங்கள்தானே? அவரையும் கதைக்குள்ள போடுறன். ஆள் ஆர்?"

பழனியாண்டி புதுக்குடியிருப்புப் பக்கம் என்றார். மெலிந்த ஆள், மீசை இல்லை, பழைய சைக்கிள் என்றார். சொல்லச் சொல்ல ஜெயரூபியின் பென்சிலில் அந்த ஆள் உருவானான். இல்லாத மனிதன் இருக்கிற தன்னைவிட நல்லாயிருக்கிறானே என்று பழனியாண்டிக்கே அவன்மேல் ஒரு பிரியம் வந்தது. கண்ணீரும் விட்டவன் என்று சேர்த்தார்.

மூலையில் நின்ற சுரேகா கிட்ட வந்து படத்தைப் பார்த்தாள்.

"கண்ணாடிக்காரி எங்கட வீட்டுக்குப் பின்னால கட்டியிருக்கு, டீச்சர். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு தாத்தா சொன்னவர்."

உண்மைதான். அறுவடை முடிந்து நவ்பர் மாடுகளைத் திருப்பி அனுப்பியபோது, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் அதைக் கோடிப்பக்கம் கட்டிவைத்திருந்தார். பேத்தி தன்னோடு சைக்கிளில் ஏறாதது மீசைக்காக இல்லை, அந்தப் பசு இன்னும் தன் வீட்டில் சிறையிருக்கிறது என்பதற்காக என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பென்சில் நின்றது. ஜெயரூபியின் முகத்தில் மரியாதை மட்டும் மிச்சமிருந்தது. கண்ணீர் விட்டவனின் மாடு இவரது வீட்டில் நின்றால் அதற்கு இந்த ஊரில் ஒரே பெயர்தான். மாட்டுக் கள்ளன் என்று ஒருவனுக்குப் பேர் வந்தால் அவன் பேரப்பிள்ளை காலத்திலும் அது போகாது.

அவசரமாக எழும்பினார். கதிரையும் அவரோடு எழும்பியது.

"அது என்ர மாடு, டீச்சர்."

"எது ஐயா?"

"அதுதான். முதலே என்ர மாடுதான். எனக்குத் தெரியேல்லை."

ஜெயரூபி பென்சிலை மேசையில் வைத்தார். "அப்ப அந்த ஒரு கிழமையும் ரோட்டில நிண்டு பேசினது ஆரை?"

"என்னைத்தான்."

ஜெயரூபி புத்தகத்தை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். புத்தகம் குலுங்கியது. பழனியாண்டி பின்னால் கையைவிட்டுக் கதிரையைப் பிடுங்கி எடுத்தார். சுரேகா மட்டும் சிரிக்கவில்லை.

"தாத்தா, எங்கட மாட்டை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியேல்லையம்மா."

"காதில கிழிஞ்சிருக்கே?"

"பாக்கேல்லை."

அவள் யோசித்தாள். பொல்லாத ஆளோடு சைக்கிளில் ஏறக்கூடாது. சொந்த மாட்டையே தெரியாத விசரனோடு ஏறலாம்போல. முன்பள்ளி விட்டதும் நேரே வந்து பாரில் இருந்த இருக்கையைத் தட்டினாள். அவர் தூக்கி இருத்தினார்.

மனுசனுக்கு நெஞ்சு நிறைந்து முதல் வளைவு தாண்டவில்லை, தேநீர்க் கடை வாசலில் நின்ற கடைக்காரர் சுமனைப் பார்த்து அவள் கத்தினாள்: "தாத்தா எங்கட மாட்டைத்தான் பிடிச்சுக் கட்டினவர்!" தாத்தா கள்ளனில்லை, கெட்டவனில்லை என்று ஊருக்குச் சொல்கிறாளாம். கடைக்குள் இருந்தவர்கள் பிளேன்ரீயோடு வெளியே வந்தார்கள். பழனியாண்டி பெலத்து மிதித்தார்.

அடுத்த வளவில் ராஜினி கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். சுரேகா கத்திச் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

"நில்லுங்கோ தாத்தா" என்றாள் சுரேகா.

நின்றார். ராஜினி வாளியை வைத்துவிட்டு வேலியடிக்கு வரும்வரைக்கும், ஒற்றைக் காலைத் தெருவில் ஊன்றிக்கொண்டு காத்து நின்றார்.