மலையை இடமாகச் சுற்றியவன்

திருவண்ணாமலையில் அந்த நாளில் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியானாலும் சரி, வேலை முடிந்ததும் மலையை ஒரு சுற்று வலம் வந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். வண்டியை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணாமலையாரைச் சுற்றிய மாதிரியும் ஆயிற்று. பெட்ரோல் வண்டிக்காரருடையது, புண்ணியம் மட்டும் மேஸ்திரிக்கு. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. சுற்றாமல் கொடுத்த வண்டியைத்தான் வேலையில் ஏதோ பாக்கி இருக்கிறது என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

வேங்கிக்கால் போகிற ரோட்டில் கொட்டகை போட்டிருந்த கண்ணாயிரமும் அப்படித்தான். யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் லாரிச் சக்கரங்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட வேலை அது. எஞ்சின் பக்கம் அவனுக்கு அவ்வளவாக நாட்டமில்லை. சக்கரமும் டயரும்தான் அவன் உலகம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரி வண்டியின் இரு பக்கமும் நீளமாக நூல் கட்டுவான். முன்சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்று கண்ணை இடுக்கிப் பார்த்து, ஸ்டீரிங் ராடைத் திருகிச் சரிசெய்வான். கண்ணாயிரம் கைவைத்த வண்டி ஸ்டீரிங்கை விட்டாலும் நேராக வீடு போய்ச் சேரும் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். லாரிக்காரர்கள் எதையும் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் சொல்வார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் அவன் பெண்சாதி பாஞ்சாலை மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. கண்ணாயிரம் அழவில்லை. அழுத்தக்காரன் என்றார்கள் சிலர், அதிர்ச்சி என்றார்கள் சிலர். உள்ளதைச் சொன்னால், அவனுக்குள் ஒன்றுமே இல்லை. பாடைக்கு முன்னால் நடந்து போகும்போது, எதிரே வந்து ஒதுங்கி நின்ற மாட்டுவண்டியின் சக்கரம் ஒரு பக்கமாக ஆடுவதைப் பார்த்தான். கடையாணி தேய்ந்திருக்கிறது என்று நினைத்தான். அன்றைக்கு அவன் நினைத்தது அது ஒன்றுதான்.

காரியம் முடிந்த மறுநாளே கொட்டகையைத் திறந்துவிட்டான். அவன் அக்கா ஆராயி, மலைசுற்றும் ரோட்டிலுள்ள அடி அண்ணாமலையில் பொரியும் மோரும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தவள், தினமும் சோறு கொண்டுவந்து கொடுப்பாள். சாப்பிடுவான். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பான். என்ன குழம்பு என்று கேட்டால் விழிப்பான்.

மாசி பிறந்ததும் கீழ்பென்னாத்தூர் ராமதாஸ் தன் பியட் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலைக்கு எண்ணெய் மில் வைத்திருந்தவர் மகன். செங்கல்பட்டுப் பக்கம், யுத்தத்தின்போது போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன ஒரு விமானத் திடலில் வருஷத்துக்கு ஒரு நாள் கார் பந்தயம் நடக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் காரின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கே போய் ஓட்டுவார்கள். போன வருஷம் ராமதாஸ் ஓர் இடது வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய், மண்மேட்டில் ஏறிக் கவிழ்ந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. வேகமாகப் போய்விட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டான். அந்த வண்டிக்குக் காற்றும் சக்கரமும் பார்த்துக் கொடுத்தவன் கண்ணாயிரம்.

"இந்த வருஷம் உடறதா இல்ல மேஸ்திரி. அதே வளைவுலதான் முந்தணும்," என்றான் ராமதாஸ்.

அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் மனைவி உண்ணாமலை வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். மாசமாக இருந்தாள். நடையிலேயே தெரிந்தது.

"நான் சொன்னா அவரு கேக்கமாட்டாரு மேஸ்திரி. போன தடவ தோளோட போச்சு. மண்மேடா இல்லாம செவுரா இருந்திருந்தா? எனக்கு வேண்டியது இது ஒண்ணுதாங்க. வண்டி அந்த வளைவுல திரும்பணும். திரும்பாதுன்னா என்கிட்ட சொல்லிடுங்க, டயரைக் கிழிச்சுப் போட்டாவது நிறுத்திடறேன்."

"பாக்கறேங்கம்மா," என்றான் கண்ணாயிரம்.

ராமதாஸ் செத்தால்தான் என்ன என்று அவனுக்குள் கேட்டது. கோபம் ஒன்றும் இல்லை. மழை வந்தால் என்ன என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டது. அதற்கு அவன் பயப்படவில்லை. பயப்படவில்லையே என்பதுதான் அன்று முழுக்க லேசாக நெருடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் கை தானாகப் போய்விடுகிறது.

போன வருஷத்து டயர்கள் கொட்டகை மூலையில் கிடந்தன. இழுத்துப் போட்டுப் பார்த்தான். முன்பக்கத்து வலது டயரின் வெளி ஓரம் பிய்ந்து, ரப்பருக்குள்ளே இருக்கிற நூல் தெரிந்தது. பக்கவாட்டு விலாவில்கூட ரப்பர் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. மற்றவை பரவாயில்லை. ஆக, வளைவில் வலது டயர் மடங்கிப் படுத்துவிட்டது. காற்று கம்மி. ஏன் கம்மியாக வைத்தான்? மலையைச் சுற்றிப் பார்த்துத்தானே வைத்தான்?

வினையே அங்கேதான் இருந்தது. மலையை வலம் வந்தால் மலை எப்போதும் வலக்கைப் பக்கம். வண்டி வலப்பக்கமே வளைந்து வளைந்து போகும். கனமெல்லாம் இடது டயர்மேல் சாயும். இடது டயரைப் பார்த்துப் பார்த்துக் காற்றை ஏற்றினான், வலது டயர் சும்மா கூட வந்தது. அந்தத் திடலிலோ பெரிய வளைவுகள் எல்லாம் இடப்பக்கம். பாரம் மொத்தமும் வலது டயர்மேல். அந்தப் பாரத்தை இந்த ஊரில் ஒருத்தரும் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. வேறு ஊர் மேஸ்திரி எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்குச் சுற்றுவதற்கு மலை கிடையாது.

பழைய கண்ணாயிரமாக இருந்தால் இதை வெளியே சொல்ல ரொம்பவே யோசித்திருப்பான். இப்போது வெட்கம்கூட வரவில்லை. மறுநாள் வந்த ராமதாஸிடம், "போன வருஷம் கவுந்தது என் தப்புங்க," என்று மணி கேட்டவனுக்கு மணி சொல்வதுபோல் சொல்லி, விவரத்தையும் சொன்னான்.

ராமதாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப இடது சக்கரத்துக்கு வெச்ச காத்தை வலதுக்கு மாத்தி வெச்சிட்டாப் போச்சு," என்றான்.

"நீங்க உக்கார்றது வலப்பக்கமுங்க. உங்க கனமும் அதே சக்கரத்து மேலதான் சேரும். மாத்தி வெச்சா பத்தாது. இடப்பக்கமா வளைச்சு ஓட்டித்தான் பாக்கணும்."

"எங்க ஓட்டறது?"

அவ்வளவு தூரத்துக்கு ஒரே பக்கமாக வளைந்துகொண்டு போகிற ரோடு அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரும் மலையைப் பார்த்தார்கள்.

அடி அண்ணாமலை ஆட்கள் வேலைவெட்டிக்கு அந்த ரோட்டில் இப்படியும் போவார்கள், அப்படியும் வருவார்கள். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் முழுச் சுற்றையும் மலை இடக்கைப் பக்கம் வரும்படி ஒருவன் சுற்றுவது வேறு சமாச்சாரம். பந்தயத்தில் எமனையே முந்திக்கொண்டு போகிற ராமதாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் வரல மேஸ்திரி. எங்க வம்சத்துலயே இல்லாத வேல. ஊட்ல அவ வேற மாசமா இருக்கறா. வேணாம், உங்களுக்கும் வேணாம்."

"எனக்கு இன்னா இருக்குதுங்க," என்றான் கண்ணாயிரம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். ராமதாஸ் தன்னைவிடக் கனம் என்பதால் சீட்டுக்கடியில் கொஞ்சம் புண்ணாக்கை மூட்டை கட்டி வைத்துக்கொண்டான். ஒவ்வொரு டயரிலும் ஓரத்திலிருந்து விலா வரைக்கும் சாக்பீஸால் பட்டை இழுத்தான். வளைவில் டயர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு தூரம் சாக்பீஸ் அழியும். ஓரத்தோடு நின்றால் காற்று சரி, விலாவில் ஏறி அழிந்தால் கம்மி. டயருக்குத் திருநீறு பூசுகிறான் என்று லாரிக்காரர்கள் இதைக் கேலி செய்வதுண்டு.

ரோடு காலியாக இருந்தது. வேகமாகவே விட்டான். இந்தப் பக்கமாக வந்ததில் மலை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. அதற்கும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடி அண்ணாமலையில் முதல் சுற்றை யாரும் கவனிக்கவில்லை. மறுபடியும் அதே திசையிலிருந்து அதே வண்டி வந்ததும் ஒருவன், "எவன்டா அவன், எதிர்ல சுத்தறவன்!" என்று மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான். அடுத்த சுற்றில் ஆராயி நடுரோட்டில் வந்து நின்றுகொண்டாள்.

கண்ணாயிரம் வண்டியை நிறுத்தி இறங்கினான். அக்காவைப் பார்க்காமல் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டான். சாக்பீஸ் விலாவில் பாதி தூரம் அழிந்திருந்தது.

"டேய், உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இது சாவுக்குச் சுத்தற சுத்துடா!"

"தெரியும்க்கா. போன மாசம் சுடுகாட்டுல கொடத்தைத் தூக்கிக்கினு அப்பிடித்தான சுத்தனேன்."

ஆராயி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் இவனுக்கும் தொண்டை அடைக்கும். இப்போது அடைக்கிறதா என்று நின்று பார்த்தான். அடைக்கவில்லை. டயர் சூடு ஆறுவதற்குள் அளவு பார்க்க வேண்டும் என்று காற்று மீட்டரை எடுத்து வைத்தான்.

"எவன் செத்தா எனுக்கு இன்னான்னு ஆயிட்டியாடா?" என்றாள் ஆராயி.

"ஆமாங்க்கா." அவன் பொய் சொல்லவில்லை. "இத ஒழுங்கா செய்யலன்னா அந்தாளு செத்துடுவான். செத்தாலும் எனுக்கு ஒண்ணும் தோணாது. அது தப்புன்னு மட்டும் தெரியுது. அதான் செய்யறேன்."

ஆராயி மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுக் கடைக்குள் போனாள். கற்பூரம் எடுத்துவந்து ரோட்டிலேயே மலையைப் பார்த்து ஏற்றினாள். "அவனுக்கு நேரம் சரியில்ல. நீதான் பொறுத்துக்கணும்," என்று மலையிடம் சொன்னாள். பிறகு மண்ணாங்கட்டிக்காரன் பக்கம் திரும்பி, "இன்னொரு கட்டி வுழுந்துது, மவனே, கைய ஒடிச்சிடுவேன்," என்றாள். மலையிடம் பேசிய குரல் வேறு, இது வேறு.

கண்ணாயிரம் கால் பம்ப்பை மிதித்து வலது டயருக்குக் காற்றை ஏற்றினான். ஓட்டினான், பார்த்தான், மறுபடி ஏற்றினான். உச்சி வெயிலுக்குள் சாக்பீஸ் ஓரத்தோடு நின்றுவிட்டது. கொட்டகைக்கு வந்து நூல் பிடித்து, உள்ளே பார்த்திருந்த முன்சக்கரங்களை மயிரிழை அளவு வெளியே பார்க்க வைத்தான். அப்படி வைத்தால் நேர் ரோட்டில் வண்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். இதை ராமதாஸிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினான்.

பந்தயத்தன்று உண்ணாமலை அவனைக் கீழ்பென்னாத்தூர் மில்லுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். "வண்டி திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே இருங்க மேஸ்திரி," என்றாள். அது வேண்டுகோளா சிறையா என்று தெரியவில்லை. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மல்லாட்டை காய்கிற களத்து ஓரமாக உட்கார்ந்துகொண்டான். செஞ்சிப் பக்கமிருந்து எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். லாரியாக இருக்கும், பஸ்ஸாக இருக்கும். திரும்பி வந்து உட்காருவாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. இலையில் விழுந்ததைக் கண்ணாயிரம் சாப்பிட்டான்.

சாயங்காலம் பியட் புழுதியோடு உள்ளே நுழைந்தது. ராமதாஸ் கதவைத் திறந்துகொண்டே, "மேஸ்திரி! அந்த வளைவுல ரெண்டு பேரைத் தாண்டினேன்! கோடு போட்ட மாதிரி திரும்புச்சு!" என்று கத்தினான்.

உண்ணாமலை கிட்டே போய் அவன் தோளை அழுத்திப் பார்த்தாள். சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். இரண்டு கையையும் எடுத்து விரல் விரலாகத் தடவினாள். அப்புறம் மில் ஆட்கள் அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டு, அவன் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "சாப்டீங்களா?" என்று அழுகைக்கு நடுவில் கேட்டது.

கண்ணாயிரம் பழக்க தோஷத்தில் வலது முன்சக்கரத்தைப் பார்க்கக் குனிந்திருந்தான். டயர் ஓரம் சீராகத் தேய்ந்திருந்தது. அந்தச் "சாப்டீங்களா" காதில் விழுந்ததும் அவனுக்கு வயிற்றில் பற்றிக்கொண்டு எரிந்தது. என்ன என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பொறாமை. வெறும் பொறாமை. இந்த மனுஷன் திரும்பி வந்துவிட்டான், இவளுக்கு வந்துவிட்டான். ஓர் ஆணி கையில் கிடைத்திருந்தால் அந்த டயரிலேயே குத்தியிருப்பான். எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தான். "சாப்டுட்டுப் போங்க மேஸ்திரி!" என்று உண்ணாமலை பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான். கொட்டகை வாசலில் ஆராயி சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"இன்னாடா ஆச்சு? அந்தப் புள்ள நல்லபடியா வந்துட்டானா?"

"வந்துட்டான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, பாஞ்சாலை வரமாட்டாக்கா."

ஆராயி சட்டியைக் கீழே வைத்தாள். "ஆமாண்டா," என்றாள். "வரமாட்டா." அவன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.